பிறவியிலேயே முழங்கை மாறுபட்டவர்களுக்குக் கை முறிந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறக்கும்போதே முழங்கை மூட்டு வேறு மாதிரி அமைந்தவர்கள் உண்டு. சிலருக்கு அது மடங்காது, சிலருக்கு முழுதாக நீளாது, சிலருக்கு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வராது. அந்தக் கையோடு எழுதி, சமைத்து, வண்டி ஓட்டி, பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாத அளவுக்குப் பழகியிருப்பார்கள். ஒருநாள் வழுக்கி விழுந்து அதே கை முறியும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். எக்ஸ்ரேயைப் பார்ப்பவருக்கு எது இன்றைக்கு உடைந்தது, எது பிறந்ததிலிருந்தே அப்படி என்று சட்டென்று பிடிபடாது. அந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் இந்தப் பக்கம். உங்களைப் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்கலாம், என்ன சொல்லலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

பிறவி முழங்கை மாறுபாடு என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

முதலில் மூட்டைப் பற்றி இரண்டு வரி. முழங்கையில் மூன்று எலும்புகள் கூடுகின்றன: மேற்கையின் ஹியூமரஸ், முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்னா. மடக்கி நீட்டுவது ஹியூமரஸுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே நடக்கிறது. உள்ளங்கையைத் திருப்புவது ரேடியஸ் அல்னாவைச் சுற்றிப் புரள்வதால் நடக்கிறது.

அதிகம் காணப்படுபவை இரண்டு. ஒன்று, ரேடியஸும் அல்னாவும் முழங்கைக்குக் கீழே ஒரே எலும்பாக ஒட்டியிருப்பது. இதில் பெரும்பாலும் உள்ளங்கை கீழ்நோக்கியபடியே நின்றுவிடும், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு கைகளிலும் இருக்கும். இன்னொன்று, ரேடியஸின் தலைப்பகுதி தன் இடத்தில் உட்காராமல் பிறவியிலேயே விலகியிருப்பது. பல நேரம் பின்பக்கமாக விலகியிருக்கும். இவை தவிர, பல மூட்டுகள் விறைத்தே பிறக்கும் ஆர்த்ரோகிரைபோசிஸ், ஹியூமரஸோடு முன்கை எலும்பு ஒட்டிப்போன நிலை, ரேடியஸ் குறைவாகவோ இல்லாமலோ பிறப்பது, பெண்களுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ போவதால் வரும் டர்னர் நோய்க்குறியில் முன்கை வெளிப்பக்கமாக அதிகம் சாய்ந்திருப்பது ஆகியவையும் உண்டு.

சிறுவயதில் முறிந்து கோணலாகக் கூடியதால் முழங்கை வளைந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

இந்தக் கை மற்றவர்கள் கையைவிடச் சுலபமாக முறியுமா?

மாறுபாட்டைப் பொறுத்தது. ரேடியஸும் அல்னாவும் ஒட்டியிருப்பவர்களுக்கு எலும்பின் பலத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. ஆனால் விழும்போது தரையில் ஊன்றும் கை கொஞ்சம் புரண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அல்லவா, அந்த வசதி இந்தக் கைக்கு இல்லை. விசை முழுக்க எலும்பிலும் மேலே தோளிலும் போய் விழும்.

முழங்கையே அசையாதவர்களுக்கு மேற்கையும் முன்கையும் சேர்ந்து ஒரு நீண்ட தடி மாதிரி. தடியின் நுனியில் விழும் அடி நடுவில் எங்கே பலவீனமோ அங்கே முறிக்கும். விறைத்த மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ முறிவு வருவது இதனால்தான்.

ஆர்த்ரோகிரைபோசிஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. தசைகள் இழுத்து வேலை வாங்காத எலும்பு மெலிந்தே வளரும். டர்னர் நோய்க்குறியிலும் எலும்பின் அடர்த்தி குறைவாக இருக்கலாம்.

விழுந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையை நேராக்காதீர்கள், மடக்கவும் முயலாதீர்கள். எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அசையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். முதலுதவி வகுப்பில் சொல்லித்தரும் முக்கோணத் துணித் தூளி, முழங்கை மடங்கும் கைக்கானது. மடங்காத கையை அதற்குள் திணித்தால் முறிவு இன்னும் விலகும். அப்படிப்பட்டவர்களுக்குக் கையை உடம்போடு ஒட்டி வைத்து, நடுவில் ஒரு தலையணையோ சுருட்டிய போர்வையோ கொடுத்து, அகலமான துணியால் உடலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுவதே சரி.

மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடி உடனே கிளம்புங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளக் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் பார்க்கும்வரை சாப்பிடாமல் இருப்பது நல்லது.

அவசரப் பிரிவில் நான் என்ன சொல்ல வேண்டும்?

“எனக்கு முழங்கை பிறவியிலேயே இப்படி” என்ற வாக்கியத்தை, கேட்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், முறிவதற்கு முன் கை எதுவரை மடங்கியது, எதுவரை நீண்டது, உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியது, விரல்களில் ஏற்கெனவே மரத்துப்போதல் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதைவிட உதவும் பொருள் வேறில்லை.

இப்போது கை நன்றாக இருக்கும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு முழங்கைகளின் எக்ஸ்ரே படத்தையும், கையை முழுதாக மடக்கி, நீட்டி, திருப்பி எடுத்த நான்கைந்து புகைப்படங்களையும் கைபேசியில் தனியாகச் சேர்த்து வையுங்கள். மற்றவர்களுக்கு ஒரு கை உடைந்தால் மறு கையைப் பார்த்து அளவெடுத்துக்கொள்ளலாம். இரண்டு கையும் மாறுபட்டவர்களுக்கு அவர்களுடைய பழைய கைதான் அளவுகோல். கீழே வரும் முக்கால்வாசிப் பதில்கள் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

கீழே விழுந்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எனக்கு இப்படி ஒரு பிறவி மாறுபாடு இருப்பதே தெரிந்தது. அதெப்படி இத்தனை வருடம் தெரியாமல் இருக்கும்?

இருக்கும், அதில் வியப்பில்லை. முன்கை திரும்பாததைத் தோளும் மணிக்கட்டும் ஈடுகட்டிவிடும். குழந்தையிலிருந்தே அப்படிப் பழகியவருக்குத் தன் கை திரும்புவதில்லை என்ற எண்ணமே வராது. சில்லறையை உள்ளங்கையில் வாங்கும்போது முழங்கையை உடம்போடு ஒட்டி உடலையே சாய்த்து வாங்குவார்கள், அவ்வளவுதான். ரேடியஸ் தலை விலகியிருப்பவர்களிலும் பலருக்குச் சிறுவயதில் வலியே இருக்காது.

அல்னா முறிந்திருக்கிறது, ரேடியஸ் தலையும் மூட்டிலிருந்து விலகியிருக்கிறது, உடனே உள்ளே தள்ள வேண்டும் என்கிறார்கள். ஆனால் என் முழங்கை எப்போதுமே அப்படித்தான். என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அல்னா முறிந்து, கூடவே ரேடியஸின் தலை விலகினால் அதற்கு மான்டெஜியா முறிவு என்று பெயர். மிலான் நகர அறுவை மருத்துவர் ஜொவானி பத்திஸ்தா மான்டெஜியா 1814-இல் விவரித்தது. அதில் அல்னாவை அதன் பழைய நீளத்துக்கும் நேருக்கும் கொண்டுவந்தால் பெரும்பாலும் ரேடியஸ் தலை தானாகத் தன் இடத்துக்குப் போய்விடும். இதைக் கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலேயே சிகிச்சை கடினமாகிவிடும். அதனால் எலும்பு மருத்துவர்கள் அல்னா முறிவைக் கண்டதும் ரேடியஸ் தலையைத் தேடுவார்கள். ரேடியஸின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது எந்தக் கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயிலும் ஹியூமரஸின் கேபிடெல்லம் என்ற உருண்டையான முனையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் விலகியிருக்கிறது என்று பொருள். அவர்கள் அவசரப்படுவது நியாயம்தான்.

ஆனால் பிறவியிலேயே விலகியிருக்கும் தலையை உள்ளே தள்ள முடியாது. அது உட்காரும் குழியும் முனையும் சரியாக உருவாகவே இல்லை. இழுத்துத் தள்ளினால் நரம்பும் தசையும்தான் காயப்படும். அறுவை செய்து உள்ளே வைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. அங்கே அல்னா முறிவுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து, ரேடியஸ் தலையை இருந்த இடத்திலேயே விடுவதுதான் வழக்கம்.

சரி, எது புதியது, எது பிறவி என்று எப்படிப் பிரிப்பது? இயல்பான ரேடியஸ் தலையின் மேல்பகுதி லேசாகக் குழிந்திருக்கும். பிறவி விலகலில் அது கவிழ்த்த கிண்ணம் மாதிரி உருண்டிருக்கும், கழுத்துப் பகுதி மெலிந்து நீண்டிருக்கும், எதிரே உள்ள கேபிடெல்லம் தட்டையாகவோ சிறுத்தோ இருக்கும். மறு கையிலும் அதே தோற்றம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். மூட்டுக்குள் இரத்தம் கட்டியிருப்பதும், மூட்டைச் சுற்றியுள்ள உறை கிழிந்திருப்பதும் புதிய காயத்தின் அடையாளங்கள்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. சிறுவயதில் அடிபட்டு விலகி, யாரும் கவனிக்காமல் விட்ட தலையும் வருடக்கணக்கில் இதே மாதிரி உருண்டுவிடும். அதனால் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பழைய எக்ஸ்ரே ஒன்று இருந்தால் இந்த விவாதம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால், தள்ளுவதற்கு முன் மறு முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அது கேட்கத் தயங்க வேண்டிய கேள்வியே அல்ல.

சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் தேவைதானா?

எல்லோருக்கும் தேவையில்லை. அறுவை சிகிச்சை என்று முடிவானால் சிடி ஸ்கேன் மிகவும் உதவும். ஒட்டிய எலும்பின் வடிவமும் உள்ளே கம்பி போகும் பாதையும் அதில்தான் தெளிவாகத் தெரியும். உறை, தசைநார், குருத்தெலும்பைப் பார்க்க எம்ஆர்ஐ. சின்னக் குழந்தைகளுக்கு முழங்கையின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. ரேடியஸ் தலையில் எலும்பு தெரியத் தொடங்குவதே ஏறக்குறைய 3 வயதுக்கு மேல்தான். அந்த வயதில் அல்ட்ராசவுண்ட் நல்ல வழி.

மாவுக்கட்டு போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா?

எந்த எலும்பு, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் போலவே முதல் கணக்கு. விலகாத முறிவுக்கு மாவுக்கட்டே போதும். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், “இவ்வளவு கோணலைப் பொறுத்துக்கொள்ளலாம்” என்று பாடப்புத்தகம் சொல்லும் அளவுகள் உங்கள் கைக்கு அப்படியே பொருந்தாது.

ஹியூமரஸின் நடுத்தண்டு முறிவை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக இதற்குச் சில நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டுக் கையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அகஸ்டோ சார்மியெண்டோ 1977-இல் வெளியிட்ட முறை இது. 20 டிகிரி வரை வளைந்து கூடினாலும் தோளும் முழங்கையும் நன்றாக அசைவதால் வெளியே தெரியாது. ஆனால் முழங்கை விறைத்தவருக்கு அங்கே அசைய வேண்டிய அசைவு முறிந்த இடத்தில் வந்து அசையும். முறிவே ஒரு மூட்டு மாதிரி ஆகிவிடும். எலும்பு கூடாமல் போகும் ஆபத்து இதனால் கூடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே பிளேட் வைத்து உறுதியாகப் பிடிப்பதை யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

ரேடியஸும் அல்னாவும் ஒட்டியவரின் முன்கை முறிவு வேறு விதம். இயல்பான கையில் முன்கை எலும்பு சற்று வளைந்து கூடினாலே உள்ளங்கை திரும்புவது குறைந்துவிடும், அதனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பிளேட் வைப்பார்கள். ஒட்டிய கையில் இழப்பதற்குத் திரும்பும் அசைவே இல்லை. எனவே சிறிய வளைவைப் பொறுக்கலாம். முறுக்கலை மட்டும் பொறுக்கவே முடியாது. ஏற்கெனவே உள்ளங்கை கீழ்நோக்கி 60 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். முறிவு அதே பக்கம் இன்னும் 20 டிகிரி முறுக்கோடு கூடினால் அது 80 ஆகும். சரிக்கட்ட அந்த முன்கையில் வேறு மூட்டு இல்லை. நேற்றுவரை சாப்பிட்ட கை இன்று வாய்க்கு வராது என்ற நிலைமைகூட வரலாம். கட்டுப் போடும்போதும் அறுவையிலும் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

என் முழங்கை 90 டிகிரிக்கு மடங்காது. கட்டு எப்படிப் போடுவார்கள்?

முழங்கை எந்த நிலையில் இயல்பாக நிற்கிறதோ அந்த நிலையிலேயே. 90 டிகிரி என்பது மடங்கும் கைக்கு வசதியான கோணம். அதில் வைத்தியக் காரணத்தைவிட வசதிதான் அதிகம். மடங்காத மூட்டை வலிய மடக்கிக் கட்டினால் முறிவு விலகலாம், தோல் புண்ணாகலாம், இரத்த ஓட்டம் தடைப்படலாம். நீட்டிய நிலையில் கட்டு போட்டால் அது கனமாகத் தொங்கும், கழன்றுகொண்டும் இறங்கும். அதற்காகக் கட்டைத் தோள்வரை ஏற்றியோ, உடலோடு ஒரு பட்டை கொடுத்தோ தாங்குவார்கள். எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் பஞ்சு கூடுதலாக வைக்கச் சொல்வதும் நல்லது. பின்பக்கம் விலகிய ரேடியஸ் தலை முழங்கையில் ஒரு முண்டு மாதிரி நிற்கும், கட்டு அங்கேதான் முதலில் அழுத்தும்.

அறுவை சிகிச்சையில் என்ன கூடுதல் சிரமம்?

அறுவை மருத்துவர் மனப்பாடமாக அறிந்து வைத்திருக்கும் வரைபடம் இங்கே உதவாது என்பதுதான் சிரமம். ரேடியஸின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகும் நரம்பு, முழங்கையின் உள்பக்கம் போகும் அல்னார் நரம்பு இரண்டும் வழக்கமான இடத்தில் இல்லாமல் இருக்கலாம். ரேடியஸ் குறைவாகப் பிறந்த கைகளில் இரத்தக் குழாய்களின் அமைப்பே மாறியிருக்கலாம்.

எலும்பின் உள்குழாய் வழியாக வளையும் கம்பி செலுத்துவது குழந்தைகளின் முன்கை முறிவில் வழக்கம். பிறவியில் வளைந்த, உள்குழாய் ஒடுங்கிய எலும்பில் அந்தக் கம்பி பாதியிலேயே நின்றுவிடும், அல்லது நுழைய வேண்டிய இடமே ஒட்டிய எலும்பால் மூடியிருக்கும். அப்போது பிளேட்டுக்குப் போக வேண்டியிருக்கும். கடையில் வரும் வடிவத்தில் அது பொருந்தாமல் அறுவை மேசையிலேயே வளைத்துப் பொருத்துவார்கள். அதனால் பிறவி மாறுபாடுகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவர் இருக்கும் இடத்துக்கு மாறுவது பற்றிக் கேட்பதில் தவறில்லை. தோல் கிழிந்த முறிவு, இரத்த ஓட்டம் நின்ற கை ஆகியவற்றுக்கு மட்டும் அப்படிக் காத்திருக்க நேரமில்லை, அருகில் யார் இருக்கிறார்களோ அவர்தான்.

முழங்கைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இத்தனை பரிசோதனை எழுதுகிறார்கள்?

சம்பந்தம் இருக்கிறது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது மாதிரி தோன்றினாலும். கருவில் கை உருவாகும் அதே வாரங்களில்தான் இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. சில பிறவி நோய்க்குறிகள் கையையும் வேறு உறுப்பையும் சேர்த்தே பாதிக்கும்.

ரேடியஸ் இல்லாமல் பிறப்பவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருக்கும். ரேடியஸும் அல்னாவும் ஒட்டிப் பிறப்பதோடு தட்டணு குறைபாடும் சேர்ந்து வரும் அரிய மரபணு நிலை ஒன்றும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் அறுவை செய்தால் இரத்தம் நிற்காது. ஹோல்ட் ஓரம் நோய்க்குறியில் கையோடு இதயத்தின் இடைச்சுவரில் ஓட்டை இருக்கலாம். நகமும் முழங்கால் சில்லும் சிறுத்து, ரேடியஸ் தலையும் விலகியிருக்கும் நோய்க்குறி ஒன்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவர்கள் சாதாரண வலி மாத்திரைகளைக்கூடக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆர்த்ரோகிரைபோசிஸ் உள்ள சிலருக்குத் தாடையும் கழுத்தும் விறைத்திருக்கும், மயக்க மருந்து நிபுணர் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடக் கஷ்டப்படுவார், இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவதும் கடினம். அவரிடம் முந்தைய அனுபவத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டுப் போட்ட பிறகு எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

வலி. அதுவும் மாத்திரை போட்டும் கூடிக்கொண்டே போகும் வலி, விரலை இன்னொருவர் லேசாக நீட்டினாலே உயிர்போகும் வலி. தசைகளுக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நிற்பதன் அறிகுறி அது. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்த, விரல்கள் நிரந்தரமாக வளைந்துபோகும் நிலை இதிலிருந்துதான் வருகிறது. விரல் வெளுப்பது, சில்லிடுவது, நாடி போவதெல்லாம் பிந்தி வரும் அறிகுறிகள். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பேசத் தெரியாத குழந்தை சமாதானமே ஆகாமல் அழுதால், வலி மருந்து அடிக்கடி தேவைப்பட்டால், அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விரலை முன்பே முழுதாக நீட்ட முடியாதவர்களும், முன்பே மரத்திருந்தவர்களும் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். “இவருக்கு இது எப்போதும் உள்ளதுதானே” என்று புதிய பாதிப்பைப் பழையதன் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

அறுவைக்காகக் கையைத் திறக்கத்தான் போகிறார்கள். பிறவிக் கோணலையும் அதோடு சரிசெய்துவிடலாமா?

எல்லோருக்கும் வரும் ஆசை. பெரும்பாலும் வேண்டாம் என்பதே பதில், என் கருத்தும் அதுதான். வீங்கிய, அடிபட்ட தசைகளுக்கு நடுவே செய்யும் பெரிய திருத்தம் நரம்புக்கும் இரத்த ஓட்டத்துக்கும் ஆபத்தைக் கூட்டும். ஒட்டிய முன்கையை வெட்டித் திருப்பும் அறுவை, திட்டமிட்டுச் செய்யும்போதே தசை அழுத்தம் ஏறும் அபாயம் கொண்டது. ஒட்டியதைப் பிரித்து அசைவு கொண்டுவரும் முயற்சிகளில் எலும்பு மறுபடி ஒட்டிக்கொள்வது சகஜம். ரேடியஸ் தலையை எடுத்துவிடும் அறுவையை வளரும் வயதில் பொதுவாகத் தவிர்ப்பார்கள், எடுத்தால் பிறகு மணிக்கட்டில் கோளாறு வரலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தக் கோணலோடு உங்கள் தோள், மணிக்கட்டு, மூளை எல்லாம் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டன. முன்பு எது தொல்லையாக இருந்தது என்று உங்களையே கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் சரிசெய்ய என்ன இருக்கிறது? உண்மையிலேயே தொல்லை இருந்தால், முறிவு கூடி வீக்கமெல்லாம் வடிந்த பிறகு நிதானமாகப் பேசலாம். முறிவின் முறுக்கைச் சீராக்கும்போதே உள்ளங்கையைச் சற்று வசதியான பக்கம் திருப்பி வைக்க முடிகிற கைகளும் உண்டு. அது அனுபவமுள்ள மருத்துவர் உங்களோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

எத்தனை நாளில் கூடும்?

பிறவி மாறுபாடு மட்டும் எலும்பு கூடும் வேகத்தைக் குறைப்பதில்லை. குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேல் முறிவு 3 முதல் 4 வாரம், முன்கை முறிவு 6 முதல் 8 வாரம். பெரியவர்களுக்கு ஹியூமரஸ் தண்டு 8 முதல் 12 வாரம், முன்கை எலும்புகள் 12 வாரமோ அதற்கு மேலோ. புகைபிடித்தால் தாமதமாகும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். எலும்பு எளிதில் நொறுங்கும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவின் 5-ஆம் வகையில் ரேடியஸுக்கும் அல்னாவுக்கும் நடுவே உள்ள சவ்வு எலும்பாக மாறும், ரேடியஸ் தலையும் விலகும். அவர்களுக்கு முறிவுக்குப் பின் அளவுக்கு மீறி எலும்பு வளர்ந்து, சூடாகவும் வீங்கியும் புற்றுநோய்க் கட்டி போலவே தோன்றலாம். இந்த நோய் உள்ளவர் என்று தெரிந்தால் பல வீண் பதற்றங்கள் மிச்சம்.

குழந்தை பிறக்கும்போதே கை முறிந்திருந்தது. விறைத்த மூட்டோடு பிறந்த குழந்தை. பயப்பட வேண்டுமா?

விறைத்த கை, கால் வெளியே வரும்போது எலும்பு முறிவது நடப்பதுதான். யார் மேலும் பழிபோட வேண்டியதில்லை. பச்சைக் குழந்தையின் எலும்பு 2, 3 வாரத்தில் கூடிவிடும், மென்மையான கட்டே போதும். மூட்டை இளக்கும் பயிற்சிகளை அதுவரை அந்தக் கைக்கு மட்டும் நிறுத்திவைப்பார்கள்.

கட்டு பிரித்த பிறகு பிசியோதெரபியில் எதை எதிர்பார்க்கலாம்?

இலக்கை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைகளுக்கு முழங்கை 30 முதல் 130 டிகிரி வரை அசைய வேண்டும், உள்ளங்கை இரு பக்கமும் 50 டிகிரி திரும்ப வேண்டும் என்று 1981-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது, இன்றும் அந்த எண்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கை அந்த எண்களை முறிவதற்கு முன்பே எட்டாமல் இருந்திருக்கலாம். பழக்கமில்லாத சிகிச்சையாளர் அதைப் புதிய விறைப்பு என்று நினைத்து வலுக்கட்டாயமாக மடக்குவார். எலும்போடு எலும்பு ஒட்டிய இடம் எவ்வளவு மடக்கினாலும் மடங்காது, புதிதாகக் கூடிய முறிவுதான் மறுபடி விட்டுப்போகும். முழங்கையை வலிய இழுப்பதும் அழுத்தித் தேய்த்து உருவுவதும் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தூண்டலாம். உங்கள் பழைய அளவு எதுவோ அதுவே இலக்கு. வலி பொறுக்கும் அளவுக்கு நீங்களே அசைப்பதுதான் நல்ல பயிற்சி.

தோளையும் மணிக்கட்டையும் விரல்களையும் கட்டு இருக்கும்போதே அசைக்கத் தொடங்குங்கள், மருத்துவர் தடுத்திருந்தால் தவிர. உங்கள் முழங்கையின் வேலையைப் பாதி செய்துகொண்டிருந்தவை அவைதான். தோள் இறுகிவிட்டால் இழப்பு இரட்டிப்பு.

நல்ல கைதான் முறிந்தது, மற்றது ஏற்கெனவே குறைவாகப் பயன்படும் கை. அதுவரை எப்படிச் சமாளிப்பது?

இதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள், சிகிச்சையையே மாற்றக்கூடிய தகவல் இது. மற்றவருக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு என்றால் சற்று அசௌகரியம். உங்களுக்கு அது சாப்பிடவும் கழிப்பறை போகவும் இன்னொருவரை நம்பியிருக்கும் ஆறு வாரம். சீக்கிரம் கையைப் பயன்படுத்த முடியும் என்பதற்காகவே பிளேட் வைப்பது சரியான முடிவாக இருக்கலாம். ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். நீளமான பிடி உள்ள கரண்டி, சீப்பு, தண்ணீர் பீய்ச்சும் குழாய் ஆகியவற்றை ஏற்பாடு செய்துகொடுக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

முறிவு கூடி மாதங்கள் ஆகின்றன. இப்போது சுண்டுவிரல் மரத்துப்போகிறது.

சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அல்னார் நரம்பு இழுபடுகிறது அல்லது நசுங்குகிறது என்று அர்த்தம். முன்கை வெளிப்பக்கம் சாய்ந்தவர்களுக்கு இது வருடங்கள் கழித்தும் வரலாம். விரல்களை விரிக்கும் பலம் குறைவதற்குள் காட்டுங்கள். நரம்பை இடம் மாற்றி வைக்கும் அறுவை உண்டு.

வயதானவர். மூட்டே நொறுங்கிவிட்டது. செயற்கை முழங்கை வைக்க முடியுமா?

சிலருக்கு முடியும். எலும்பின் வடிவம் மாறியிருப்பதால் அளவெடுத்துச் செய்த மூட்டு தேவைப்படலாம். வைத்த பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கையால் ஏறக்குறைய 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள். ஏற்கெனவே அதிகம் அசையாத, வலியில்லாத மூட்டாக இருந்திருந்தால் கையைச் சும்மா தாங்கி வைத்து எலும்பைத் தானாகக் கூடவிடுவதே மேல் என்று முடிவாவதும் உண்டு.

வைத்த பிளேட்டை எப்போது எடுக்க வேண்டும்?

தொல்லை தராவிட்டால் பெரியவர்களுக்கு எடுக்க வேண்டியதில்லை. முன்கை பிளேட்டை எடுக்கும்போது நரம்பு காயப்படலாம், ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை அதே இடம் மறுபடி முறியலாம். உங்கள் கையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்பதே முதல் அறுவையில்தான் தெரிந்திருக்கும். அதனால் எடுப்பதாக முடிவானால், முதலில் அறுவை செய்தவரின் குறிப்பை நகல் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள்.